செட்டியாருக்கு மயக்க ஊசி ஆகாதா?

கல்லலில் இருந்து அயித்தை போன் செய்தபோதே குரலில் கோபம் தெரிந்தது. பித்தப்பையில் கல். காரைக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேசனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தைய பரிசோதனைக்குப் போன இடத்தில், மயக்க மருந்து டாக்டர் பிரஷர், சுகர், பழைய ஆபரேசன் என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, கடைசியாக "நீங்க செட்டியாரா? எந்தச் செட்டியார்?" என்று கேட்டிருக்கிறார்.

"ஏம்ப்பா, கல்லு எடுக்கப் போன எடத்துல ஜாதி எதுக்கு? நான் என்ன சம்பந்தமா பேசப் போயிருக்கேன்?"

கோபம் மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கூடவே பயமும் இருந்தது. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும், உறவுக்காரப் பையன் ஒருவன் போனில் ஒரு வாட்ஸப் செய்தியை எடுத்துக் காட்டியிருக்கிறான். செட்டியார்கள் ரத்தத்தில் ஏதோ குறை இருக்கிறதாம், மயக்க ஊசி போட்டால் எழுந்திருக்க மாட்டார்களாம். அயித்தை ஆபரேசனே வேண்டாம், கல்லைக் கசாயம் குடித்துக் கரைத்துக்கொள்கிறேன் என்கிற முடிவுக்கு வந்திருந்தார்.

"அயித்தை, நாளைத் தள்ளிப்போடாதீங்க. எனக்கு ரெண்டு நாள் குடுங்க, படிச்சுப் பாத்துச் சொல்றேன்" என்றேன். நான் டாக்டர் இல்லை. பழைய ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கிற வழக்கம் மட்டும் உண்டு. அந்த ரெண்டு நாளில் ஆரம்பித்தது இந்தக் குறிப்பு.

முதலில் மருந்து. பெயர் சக்சினைல்கோலின். நம்மூர் ஆபரேசன் தியேட்டர்களில் 'ஸ்கோலின்' என்றால்தான் தெரியும். இது மயக்க மருந்து அல்ல, தசைகளைத் தளர்த்தும் மருந்து. நோயாளியைத் தூங்க வைத்தபின் தொண்டை வழியாக மூச்சுக்குழாயில் ஒரு டியூப் இறக்க வேண்டும். தசைகள் விறைப்பாக இருந்தால் அது நடக்காது. ஸ்கோலின் போட்டால் ஒரு நிமிடத்துக்குள் உடம்பின் தசைகளெல்லாம் துவண்டுவிடும், மூச்சு விடும் தசை உட்பட. ஐந்து பத்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி திரும்பிவிடும். வந்த வேலையை முடித்துவிட்டு உடனே கிளம்புகிற விருந்தாளி மாதிரி, அதுதான் இந்த மருந்தின் அருமை.

அது உடனே கிளம்புவதற்குக் காரணம் நம் ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி. கல்லீரலில் உற்பத்தியாகும் பியூட்ரில்கோலினெஸ்டரேஸ். ஊசி வழியாக வந்த மருந்தில் பெரும்பகுதியை நரம்பு முனைக்குப் போய்ச் சேரும் முன்பே இது உடைத்துப் போட்டுவிடும். மிச்சம் தப்பிப் போவதுதான் வேலை செய்கிறது.

இந்த மருந்தின் கதை ஒரு கோட்டைவிட்ட கதையில் தொடங்குகிறது. 1906லேயே அமெரிக்காவில் ரீட் ஹன்ட், ரெனே டவோ என்ற இருவர் இந்தச் சேர்மத்தை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் கவனித்தது ரத்த அழுத்தத்தை. அந்த விலங்குகளுக்கு முன்கூட்டியே குராரே என்ற விஷத்தைக் கொடுத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்திருந்தார்கள். ஏற்கெனவே அசையாமல் கிடக்கிற உடம்பில் புது மருந்து அசைவை நிறுத்துகிறதா என்று எப்படித் தெரியும்? நாற்பது வருசத்துக்கும் மேல் அது அப்படியே கிடந்தது. 1949ல் ரோமில் டானியல் போவே குழு அதன் தசை தளர்த்தும் குணத்தைக் காட்டியது. 1951 வாக்கில் ஐரோப்பிய ஆபரேசன் தியேட்டர்களுக்குள் வந்துவிட்டது. போவேக்கு 1957ல் நோபல் பரிசு.

அடுத்த வருசமே வில்லங்கமும் வந்தது. 1952ல் இங்கிலாந்திலிருந்து வந்த அறிக்கைகள், சில நோயாளிகளுக்கு மட்டும் ஐந்து நிமிட மருந்து மணிக்கணக்கில் நிற்பதாகச் சொல்லின. இது எவ்வளவு கொடுமை என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தூக்க மருந்து தெளிந்துவிடும், தசை மருந்து தெளியாது. நோயாளி விழித்துக்கொள்வார், பேச்சு காதில் விழும், ஆனால் கண் இமையைக்கூட அசைக்க முடியாது, மூச்சும் விட முடியாது. பக்கத்தில் விஷயம் தெரிந்த டாக்டரும் செயற்கைச் சுவாசக் கருவியும் இருந்தால் ஆபத்து இல்லை. மறுபடி தூங்க வைத்து, மருந்து தானாகக் கரையும்வரை மூச்சுக் கொடுத்துக் காத்திருந்தால் போதும். கருவி இல்லாத சின்ன நர்சிங் ஹோம் என்றால் உயிர் போய்விடும்.

ஏன் சிலருக்கு மட்டும்? இதைத் தேடியவர்களில் ஹெர்மன் லேமன் என்பவரின் பெயர் எனக்கு ஏற்கெனவே பழக்கம். நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் வடிவ ரத்த அணுவைக் கண்டு 1952ல் எழுதியவர் அவர்தான். இந்தியாவில் அந்த அணுவைப் பற்றிய முதல் தகவல் அது. அதே லேமன் 1956ல், மூச்சு திரும்பத் தாமதமானவர்களின் குடும்பங்களைச் சோதித்து, இந்த நொதிக் குறைவு குடும்பத்தில் இறங்கி வருகிறது என்று காட்டினார். நோயாளியோடு நிறுத்தாமல் அவருடைய உடன்பிறந்தாரின் ரத்தத்தையும் பார்த்ததுதான் அவர் செய்த காரியம்.

டொராண்டோவில் வெர்னர் காலோ என்ற ஜெர்மானியர் இதை ஓர் எண்ணாக மாற்றினார். டிபுகெயின் என்ற மரப்பு மருந்து இந்த நொதியை அடக்கும். சாதாரண நொதி என்றால் சுமார் 80 சதவீதம் அடங்கிவிடும். மாறுபட்ட நொதி 20 சதவீதம்தான் அடங்கும். அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று கலந்து வாங்கியவர்களுக்கு 60 சொச்சம். 1957ல் வந்தது இந்த 'டிபுகெயின் எண்'. மரபணுவைக் கண்ணால் பார்க்க வழி இல்லாத காலம். ஒரு சோதனைக் குழாயில் கொஞ்சம் ரத்தநீரை வைத்துக்கொண்டு, "உனக்கு இந்த மருந்து ஆகும், உனக்கு ஆகாது" என்று ஊசி போடும் முன்பே சொல்ல முடிந்தது. 1959ல் ஃப்ரிட்ரிஷ் ஃபோகல் இந்தத் துறைக்கு 'ஃபார்மகோஜெனிடிக்ஸ்' என்று பெயர் வைத்தார், 1962ல் அந்தப் பெயரிலேயே காலோ ஒரு புத்தகம் எழுதினார். ஆளுக்கேற்ற மருந்து என்று இன்றைக்குப் பேசுகிறோமே, அதன் முதல் சில பக்கங்களில் ஸ்கோலின் இருக்கிறது.

அதே 1962ல் லேமனும் கூட்டாளிகளும் இன்னொரு வகையையும் கண்டார்கள். இவர்கள் ரத்தத்தில் அந்த நொதி மாறுபட்டு இல்லை, வேலை செய்கிற நொதியே இல்லை. 'மௌன' மரபணு என்று பெயர் வைத்தார்கள். அம்மா அப்பா இருவரிடமிருந்தும் மௌன மரபணு வந்தால்தான் தொந்தரவு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அப்படிப்பட்டவர்கள் லட்சத்தில் ஒருவர்.

இப்போது நம் பக்கம் வருவோம். 1979ல் ஹ்யூமன் ஜெனிடிக்ஸ் என்ற ஆய்விதழில் ராவ், கோபாலம் என்ற இருவர் எழுதிய சின்னக் கட்டுரை: ஆந்திர வைசியர்களிடம் இந்த மௌன மரபணு வழக்கத்துக்கு மாறாக மிக அதிகம். லட்சத்தில் ஒருவர் என்ற கணக்கே அங்கே எடுபடவில்லை. பிறகு கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தில் பூபதி அவர்களின் ஆய்வுக்கூடம், அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் இந்த நொதியையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்த ஒக்ஸானா லாக்ரிட்ஜுடன் சேர்ந்து, கோவையில் வாழும் வைசியர்களின் ரத்தத்தை ஆராய்ந்தது. 2006ல் முடிவு வெளியானது. ஏறத்தாழ 24 பேரில் ஒருவருக்கு இந்த நொதி இல்லை. காரணம் ஒரே ஒரு எழுத்துப்பிழை. 574 அமினோ அமிலங்கள் கோத்த அந்த நொதியில் 307வது இடத்தில் லூசின் இருக்க வேண்டும், இவர்களுக்கு அங்கே புரோலின் இருக்கிறது. புரோலின் என்பது சங்கிலியை மடக்கிவிடும் கண்ணி. நொதி உருப்படியாக மடிந்து நிற்காமல் குலைந்துபோகிறது.

24ல் ஒருவருக்கு இரண்டு பிரதியும் பழுது என்றால், ஒரு பிரதி மட்டும் பழுதாக இருப்பவர்கள் மூன்றில் ஒருவர் அளவுக்கு இருக்க வேண்டும். இது நான் போட்ட கணக்கு, பள்ளிக்கூட மரபியல் சூத்திரம்தான். அடுத்த வருசம் அதே குழு, நொதி இல்லாதவர்களின் உடல்நிலையைத் தனியாகப் பார்த்து எழுதியது. நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஒரு குறையும் இல்லாமல் கடை நடத்தி, பிள்ளை பெற்று, பேரன் பார்த்து வாழ்ந்துவிடுவார்கள். ஸ்கோலின், மிவாகுரியம் என்ற ஒன்றிரண்டு மருந்துகள் உடம்புக்குள் போகாதவரை அவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இன்னும் ஒரு இடத்தில் இது குழப்பும். பூச்சிமருந்து குடித்துவிட்டார் என்று சந்தேகப்பட்டால் ஆஸ்பத்திரியில் முதலில் பார்ப்பது இதே நொதியின் அளவைத்தான். பிறவியிலேயே நொதி இல்லாதவருக்கும் அளவு அடிமட்டத்தில்தான் காட்டும்.

சரி, இத்தனை பேருக்கு எப்படி வந்தது? ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் 2009ல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையில் விடை இருக்கிறது. வைசியர்களின் மூதாதையர் 2000 முதல் 3000 ஆண்டுகளுக்கு முன் எண்ணிக்கையில் மிகச் சுருங்கிய ஒரு கூட்டமாக இருந்து, அதன்பின் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே மணந்து பெருகியிருக்கிறார்கள். அந்தச் சின்னக் கூட்டத்தில் யாரோ ஒருவரிடம் இருந்த பழுது, தலைமுறை தலைமுறையாக லட்சக்கணக்கானவருக்குப் பரவியது. பெனுகொண்டாவில் வாசவி கன்னிகா பரமேஸ்வரியோடு 102 கோத்திரத்தார் தீப்பாய்ந்தார்கள், மற்றவர்கள் பிரிந்து போனார்கள் என்ற அவர்களுடைய புராணக் கதையை இதோடு முடிச்சுப் போட ஆசையாக இருக்கும். போடாதீர்கள். கதை சொல்லும் காலம் வேறு, மரபணு சொல்லும் காலம் வேறு, நடுவில் ஆயிரம் வருசத்துக்கு மேல் இடைவெளி.

இந்த இடத்தில்தான் அயித்தையின் வாட்ஸப் செய்தி எங்கே தடம் புரண்டது என்று எனக்குப் புரிந்தது. வைசியர்களைத் தமிழ்நாட்டில் என்ன பெயரில் கூப்பிடுகிறோம்? செட்டியார். பழைய பேச்சில் கோமுட்டிச் செட்டியார், இப்போது ஆரிய வைசியச் செட்டியார். வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். நாட்டுக்கோட்டை நகரத்தாரும் செட்டியார். வாணியச் செட்டியார், தேவாங்கச் செட்டியார், இருபத்துநாலு மனைச் செட்டியார் என்று பட்டியல் நீளும். செட்டி என்பது வணிகனுக்கான பட்டம். பட்டம் ஒன்றானதால் ரத்தம் ஒன்றாகிவிடாது. ஒன்பது கோயில் நகரத்தாருக்குள் பெண் கொடுத்து எடுத்தவர்களுக்கும், 102 கோத்திரத்துக்குள் பெண் கொடுத்து எடுத்தவர்களுக்கும் கொள்வினை கொடுப்பினை இருந்ததில்லை. ஆங்கிலத்தில் 'வைசியா' என்று இருந்த கட்டுரை, தமிழுக்கு வரும்போது 'செட்டியார்' ஆகி, கல்லலுக்கு வந்து சேர்ந்தபோது "நமக்கு" என்று ஆகிவிட்டது.

டாக்டர் "எந்தச் செட்டியார்?" என்று கேட்டது இதனால்தான். அயித்தைக்கு அவமானமாகப் பட்ட அந்த இரண்டாவது கேள்வி, வாட்ஸப் செய்தியைவிட எவ்வளவோ விவரமானது. ஆனாலும் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. வைசியர் என்று தெரிந்தாலும் 24ல் 23 பேருக்கு ஸ்கோலின் ஒன்றும் செய்யாது. வைசியர் இல்லை என்றால் கவலை இல்லை என்றும் ஆகாது. இந்த நொதியைக் கெடுக்கும் வேறு மரபணுப் பிழைகள் எல்லா மக்களிடமும் அங்கொன்று இங்கொன்றாக உண்டு, கல்லீரல் நோயிலும் கர்ப்பத்திலும்கூட நொதி குறையும். ஜாதிப் பெயர் என்பது சோதனை வசதி இல்லாத இடத்தில் ஒரு மலிவான குறுக்குவழி. கேட்பவர் காரணத்தையும் சொல்லிவிட்டுக் கேட்டிருந்தால் என் அயித்தை கசாயத்தை நோக்கி ஓடியிருக்க மாட்டார்.

இதற்குள் இன்னொரு கேள்வி எழும். எல்லோருக்கும் சோதனை செய்துவிட்டு மருந்து கொடுத்தால் என்ன? இதற்கு அறுபது வருசத்துக்கு முன் சென்னையிலேயே வேறு விதமாக ஒரு பதில் கிடைத்திருக்கிறது. அந்தக் கதை நம் ஆட்களுக்கு அவ்வளவாகத் தெரியாது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1956ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்தது. இன்றைக்கு அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். குடிசையில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்து வாங்கும் சிகிச்சைக்கு ஈடாகக் குணமாகும் என்று 1959ல் உலகுக்குக் காட்டிய இடம் அது. முக்கிய மருந்து ஐசோனியசிட். அந்த மருந்தைச் சிலர் உடம்பு வேகமாக அழித்துவிடும், சிலர் உடம்பு மெதுவாக. இதுவும் மரபணு விவகாரம்தான், கல்லீரலில் இருக்கும் வேறொரு நொதி. தென்னிந்தியர்களில் நூற்றுக்கு 60 பேர் அளவில் மெதுவான வகை.

சேத்துப்பட்டு ஆட்கள் இதை அளந்தார்கள். வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்தபோது, வேகமாக அழிப்பவர்களுக்கு நோய் சரியாகக் குணமாகவில்லை, மெதுவானவர்களுக்கு நன்றாகக் குணமானது. மெதுவானவர்களுக்கு வேறொரு தொல்லை: அதிக அளவு கொடுத்தால் கை கால் எரிச்சல், மரமரப்பு. மருந்து உடம்பில் தங்கித் தங்கி நரம்பைத் தின்றது. யார் வேகம், யார் மெதுவு என்று ஆளுக்கு ஆள் சோதித்து அளவை மாற்றலாம். ஆனால் அன்றைய மதராஸில் ஆயிரக்கணக்கான ஏழை நோயாளிகளுக்கு அது நடக்கிற காரியமா? அவர்கள் கண்ட வழி, எல்லோருக்கும் மாத்திரையோடு தினம் 6 மில்லிகிராம் பைரிடாக்சின், அதாவது பி6 வைட்டமின். நரம்பு எரிச்சல் வராமல் நின்றது. மருந்தையும் வாரம் ஒருமுறை என்று இடைவெளி விடாமல் அடிக்கடி கொடுத்தால் வேகக்காரர்களுக்கும் போதுமானதாகிவிடும். யார் எந்த வகை என்று கேட்காமலேயே இரண்டு வகையையும் காப்பாற்றிய ஏற்பாடு. எனக்கு மரபணு மருத்துவத்தின் வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த கட்டம் இது. மனிதர்கள் வேறு வேறு என்று கண்டுபிடித்த கையோடு, அந்த வேறுபாடு யாரையும் கொல்லாதபடி சிகிச்சையை அமைத்தார்கள்.

எல்லா மருந்துக்கும் இப்படி வைட்டமின் கிடைப்பதில்லை. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கொடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரையைப் பாருங்கள். நம்மூரில் தெருவுக்கு நாலு பேர் சாப்பிடுகிறார்கள். அது அப்படியே வேலை செய்யாது, கல்லீரலில் ஒரு நொதி அதை உருமாற்ற வேண்டும். அந்த நொதி வேலை செய்யாதவர்கள் ஐரோப்பியரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். தமிழர்களிடம் புதுச்சேரி ஜிப்மரில் ஆதித்தன் குழு 2000களில் பார்த்தபோது அது பத்தைத் தாண்டியது. இவர்களுக்கு மாத்திரை வயிற்றுக்குள் போகும், ஆனால் ரத்தம் உறைவதைத் தேவையான அளவுக்குத் தடுக்காது. 2010ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்தின் விவரக் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கை போடச் சொன்னது. இங்கே ஜாதி கேட்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது, வைட்டமினும் உதவாது. மரபணுவைப் படித்துப் பார்த்துவிட்டு, தேவையானவருக்கு வேறு மாத்திரைக்கு மாற்றுவதுதான் வழி.

ஸ்கோலின் விஷயத்தில் நிலைமை இந்த இரண்டுக்கும் நடுவில். ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைப் பார்க்கும் சோதனை பல லேப்களில் உண்டு. சந்தேகம் என்றால் டாக்டர் ரோகுரோனியம் என்ற வேறு தசைத் தளர்த்தியைப் பயன்படுத்தலாம், அதன் வேலையை முறிக்க சுகமாடெக்ஸ் என்ற மாற்று மருந்தும் இப்போது இருக்கிறது. ஆனால் யாருக்குச் சந்தேகப்பட வேண்டும் என்று தெரிய, லேமன் 1956ல் கேட்ட கேள்விதான் இன்னும் முதல் கேள்வி: உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

ரெண்டாவது நாள் சாயங்காலம் அயித்தைக்குப் போன் போட்டேன். கோமுட்டிச் செட்டியார் கதையைச் சொன்னேன். "அட, அவுகளா! அப்ப நமக்கில்லையா?" என்று நிம்மதியானார். பக்கத்துத் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஆரிய வைசியக் குடும்பத்துக்கு உடனே சொல்லப் போகிறேன் என்று கிளம்பினார். "சொல்லுங்க, ஆனா பயமுறுத்தாதீங்க. ஆபரேசன்னா முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடணும், அவ்வளவுதான். பொண்ணு பாக்க வர்றவுககிட்ட இதையெல்லாம் போய் சொல்லிடாதீங்க" என்றேன்.

"நான் என்ன அவ்வளவு கூறு கெட்டவளா?" என்றார்.

பிறகு கேட்டேன்: "நம்ம வீட்ல யாருக்காச்சும் ஆபரேசன் முடிஞ்சு மூச்சு திரும்ப லேட்டாச்சா? மிஷின்ல வச்சிருந்தாகளா?"

கேட்டிருக்கக் கூடாது. அடுத்த முக்கால் மணி நேரம் மூன்று தலைமுறை ஆபரேசன்களின் கணக்கு வந்தது. ரங்கூனிலிருந்து திரும்பிய ஐயாவுக்கு மதுரையில் குடலிறக்கம், ஆயாவுக்குக் கண், பெரிய அயித்தைக்குக் கர்ப்பப்பை, தேவகோட்டை அம்மானுக்கு மூலம், எனக்கு ஐந்து வயதில் டான்சில். எந்த வருசம், எந்த ஊர், யார் கூட இருந்தது, யார் சோறு கொண்டுபோனது எல்லாம் இருந்தது. மூச்சு தாமதமான கதை மட்டும் இல்லை. பெட்டகசாலையில் வரவு செலவு எழுதிய வழக்கம் இப்படி மிஞ்சியிருக்கிறது போல. "இதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி டாக்டர்கிட்ட குடுங்க" என்றேன்.

கொடுத்திருக்கிறார். ஆபரேசன் முடிந்து மூன்றாம் நாள் பேசினார். குரலில் பழைய கோபம் இல்லை.

"அந்த டாக்டரு நோட்டை முழுசாப் படிச்சாருப்பா. படிச்சுட்டு, எனக்கு என்ன மருந்து போட்டாருன்னு கடைசிப் பக்கத்துல அவரு கையாலயே எழுதிக் குடுத்துட்டாரு. இங்கிலீசுல இருக்கு. அடுத்த தடவ வர்றப்ப வாசிச்சுச் சொல்லு."